ஃபோர்வேர்ட் செய்தியிலிருந்து முறைப்பாடு வரை: திருகோணமலையில் ஓர் ஊழல் குற்றச்சாட்டைக் கையாளும் வழி

"காசு வாங்கிக்கொண்டு காணி எழுதுகிறார்கள்." "வீதிக்கு வந்த பணத்தில் பாதியை அடித்துவிட்டார்கள்." "நிவாரணப் பட்டியலில் ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) தன் சொந்தக்காரர்களைப் போட்டுவிட்டார்." திருகோணமலையில் எந்த வட்ஸ்அப் குழுவில் இருந்தாலும் இப்படி ஒன்று அடிக்கடி வந்து விழும். சில உண்மை. சில பாதி உண்மை. சில, வரப்போகும் தேர்தலையோ ஓர் அதிகாரியின் இடமாற்றத்தையோ மனதில் வைத்து யாரோ உட்கார்ந்து எழுதியவை. மூன்றையும் நாங்கள் ஒரே மாதிரித்தான் கையாளுகிறோம். கோபப்படுகிறோம், பத்துப் பேருக்கு அனுப்புகிறோம், அடுத்த நாள் மறந்துவிடுகிறோம்.

இதில் நிம்மதியாகத் தூங்குபவர் உண்மையிலேயே களவெடுத்தவர்தான். பத்து இலட்சம் எடுத்தவரை ஒரு கோடி எடுத்தார் என்று எழுதினால், "அப்படி ஒரு கோடி ரூபாத் திட்டமே இங்கே இல்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு பத்து இலட்சத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. பொய்ச் செய்தி ஊழலை அம்பலப்படுத்துவதில்லை, அதற்குக் காவல் நிற்கிறது. ஆகவே சரிபார்ப்பதும் முறைப்பாடு செய்வதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்று எடுத்துக்கொண்டுதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: செய்தியைக் கூறு போடுங்கள்

வந்த செய்தியை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். திரையில் வாசிக்கும்போது கோபம் மட்டும்தான் வரும். தாளில் எழுதினால் எது தகவல், எது சத்தம் என்று பிரிந்து தெரியும். உதாரணத்துக்கு ஒன்றை நானே எழுதுகிறேன். இந்த மாதிரியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

"அதிர்ச்சித் தகவல்!!! எங்கட ஊர் வீதிக்கு 1 கோடி 20 இலட்சம் வந்தது. போட்டு மூன்று மாதத்தில உடைஞ்சு போச்சு. பெரியவர் தன்ர ஆளுக்குத்தான் கொன்ராக்ட் குடுத்தவர். எங்கட சனத்தை அழிக்கத் திட்டம் போட்டுத்தான் செய்யிறாங்கள். எல்லாருக்கும் பகிருங்கள்."

இதில் சரிபார்க்கக்கூடியவை எவை? ஒதுக்கப்பட்ட தொகை. வேலை முடிந்த திகதி. ஒப்பந்தம் யாருக்குப் போனது, கேள்வி கோரல் (டெண்டர்) நடந்ததா என்பது. வீதி உடைந்திருக்கிறதா என்பது, அதைப் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். "பெரியவர்" யார் என்று செய்தி சொல்லவில்லை, அதைக் குறித்து வையுங்கள். "அழிக்கத் திட்டம்" என்ற வரியைச் சரிபார்க்கவே முடியாது. அதை அடித்துவிடுங்கள்.

அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சனமும் ஒரே கச்சேரிக்குத்தான் (மாவட்டச் செயலகத்துக்குத்தான்) போகிறோம். அதிகாரி எந்தச் சமூகம் என்பதைப் பார்த்து, அதே களவு மூன்று விதமாக எழுதப்படும். இனத்தின் பெயர் ஏறியதும் காசுக் கணக்கு காணாமல் போய்விடும். அந்த அதிகாரியின் சமூகத்து ஆட்கள் அவரைக் காப்பாற்ற வந்து நிற்பார்கள், அவரால் பாதிக்கப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். உயிர் ஆபத்தும் இதற்குள் இருக்கிறது. 2018 பெப்ரவரியில் இதே கிழக்கு மாகாணத்து அம்பாறையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி, முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு பரிசோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாவுக் கட்டி. ஆகவே இனத்தைச் சொல்லும் வரி எதுவாக இருந்தாலும், நீங்கள் எழுதும் தாளில் அதற்கு இடம் வேண்டாம்.

படி 2: படம், கடிதம், குரல்

வட்ஸ்அப்பில் செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறியும் பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறிப்பும் இருந்தால், உங்களுக்கு அனுப்பியவருக்கும் அதை எழுதியவருக்கும் இடையில் பல கைகள் இருக்கின்றன. "மாமாதான் அனுப்பினவர்" என்பது அங்கே சான்று இல்லை. அனுப்பியவரிடம் "உங்களுக்கு யார் தந்தது?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேரைத் தாண்டிப் பின்னால் போனாலே பெரும்பாலும் விசயம் வெளிச்சமாகிவிடும்.

படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். வேறு மாவட்டத்து வீதி, வேறு நாட்டு வெள்ளம், பத்து வருசத்துக்கு முந்திய பாலம் என்று பல முறை சில நொடிகளில் தெரிந்துவிடும். முகநூல் பக்கம் என்றால் அதன் வெளிப்படைத்தன்மைப் பகுதியைத் திறந்து பாருங்கள். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். சமையல் குறிப்புப் பக்கமாகத் தொடங்கி, தேர்தல் நெருங்கியதும் "மக்கள் குரல்" என்று பெயர் மாறியிருந்தால் கவனமாக இருங்கள்.

அரச கடிதம் என்று ஒன்று வந்தால் அரச இலச்சினையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதை யாரும் ஒட்டலாம். "எனது இல.", "உமது இல." என்ற இடங்களில் இலக்கம் இருக்கிறதா, திகதி என்ன, ஒப்பமிட்டவரின் பெயரும் பதவி முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் திகதியில் அவர் அந்தப் பதவியில் இருந்தாரா என்பதையும் பாருங்கள். போலிகள் அதிகம் மாட்டுவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். பிறகு அந்த அலுவலகத்துக்கு அழைத்து, இந்த இலக்கத்தில் ஒரு கடிதம் போயிருக்கிறதா என்று கேளுங்கள். தொலைபேசி இலக்கத்தைக் கடிதத்திலிருந்து எடுக்காமல் வேறு இடத்தில் தேடி எடுங்கள், அல்லது 1919 அரச தகவல் நிலையத்தில் கேளுங்கள்.

வர்த்தமானி (அரச அறிவித்தல்களின் வெளியீடு) என்றால் இன்னும் சுலபம். காணி விசயத்தில் எங்கள் மாவட்டத்தில் அதிகம் பறப்பது இதுதான்: தொல்பொருள் திணைக்களம் எடுத்துவிட்டது, வனவளத் திணைக்களம் எல்லை போட்டுவிட்டது என்று. அதிவிசேட வர்த்தமானி ஒவ்வொன்றுக்கும் சாய்கோடு போட்ட ஓர் இலக்கம் உண்டு. முன்பகுதி வாரத்தைக் குறிக்கும், பின்பகுதி அந்த வாரத்தின் வரிசை எண். அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் திகதியை வைத்துத் தேடி, அதே இலக்கத்தில் அதே விசயம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அட்டவணையில் உள்ள கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் எல்லைகளையும் வாசியுங்கள். பெயர் மட்டும் ஒத்திருந்து, இடம் வேறாக இருக்கலாம்.

குரல் பதிவுகளை இப்போது நம்பவே முடியாது. ஓர் அதிகாரி காசு கேட்பதுபோல ஒரு பதிவு வந்தால், பேசியது யாருடன், எந்த நாளில், முழுப் பதிவு யாரிடம் இருக்கிறது என்ற மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை அதை வைத்து எதுவும் செய்யாதீர்கள். செயற்கை நுண்ணறிவில் குரல் செய்வதற்கு இன்று ஒரு கைப்பேசி போதும்.

ஃபெக்ட் கிரெசென்டோ, ஃபெக்ட் சீக்கர் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் தமிழிலும் எழுதுகின்றன. தேசிய அளவில் பரவும் பொய்களுக்கு அவை நல்ல துணை. வெருகலில் ஒரு வாய்க்கால் வேலை பற்றி அங்கே தேடினால் கிடைப்பது அரிது. அதை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

பாதி உண்மைக்கு எங்கள் ஊரிலேயே பெரிய உதாரணம் எண்ணெய்க் குதங்கள். "எண்ணெய்க் குதத்தை இந்தியாவுக்கு வித்துப்போட்டாங்கள்" என்று எத்தனை தரம் கேட்டிருப்போம். 2003-இல் 99 குதங்களும் (எண்ணெய் சேமிக்கும் தாங்கிகள்) இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கு 35 வருடக் குத்தகைக்குப் பேசப்பட்டன. 2022 ஜனவரியில் வந்த புதிய ஏற்பாட்டில் 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், மீதி 61 இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டு நிறுவனத்துக்கும் 50 வருடக் குத்தகையில் போயின. கூட்டு நிறுவனத்தில் 51 சதவீதம் கூட்டுத்தாபனத்துடையது. இந்தக் குத்தகையை எதிர்க்க ஆயிரம் நியாயங்கள் இருக்கலாம். ஆனால் "விற்றார்கள்" என்று தொடங்குபவரை "விற்கவில்லை" என்ற ஒரு சொல்லில் மூடிவிடலாம். குத்தகைப் பணம் எவ்வளவு, எந்த நிபந்தனை என்ற நல்ல கேள்விகள் அதோடு செத்துப்போகும்.

படி 3: உத்தியோகபூர்வ மறுப்பையும் அதே கண்ணால் பாருங்கள்

பொய் கீழிருந்து மட்டும் வருவதில்லை. 2006 ஜனவரி 2-ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24-ஆம் திகதி அவர் இந்த நகரத்தில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஓர் உத்தியோகபூர்வ அறிக்கையை உடைத்தது கோபமான பேச்சில்லை, ஆவணம். அதைச் செய்தவருக்கு நடந்ததை இந்த ஊரில் எல்லோரும் அறிவோம். ஆகவே கேள்வி கேட்கப் பயப்படும் ஒருவரைக் கோழை என்று யாரும் சொல்லாதீர்கள். இனி வரும் படிகளைத் தனி ஆளாகச் செய்யாமல், மூன்று நான்கு பேராக, முடிந்தால் மீனவர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் என்று ஏதாவது ஓர் அமைப்பின் பெயரில் செய்யுங்கள்.

படி 4: இது யாருடைய வேலை?

தவறான கதவைத் தட்டினால் ஒரு மாதம் வீண். வீதிகளை எடுத்துக்கொள்வோம். கண்டிப் பக்கம், அநுராதபுரப் பக்கம், மட்டக்களப்புப் பக்கம் போகும் ஏ-6, ஏ-12, ஏ-15 பெருந்தெருக்களும், புல்மோட்டைக்குப் போகும் வீதி போன்ற 'பீ' தர வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. 'சீ', 'டீ' தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஊருக்குள் இருக்கும் ஒழுங்கைகள் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்துக்கு. வயலுக்குப் போகும் பாதை கமநல சேவையிடமோ நீர்ப்பாசனத்திடமோ இருக்கலாம். காசு பிரதேச செயலகத்தின் ஊடாக வந்து, வேலையைக் கிராம அபிவிருத்திச் சங்கம் செய்திருக்கவும் கூடும்.

மாகாண விசயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடந்து வந்திருக்கிறது. சபையில் எழுந்து கேள்வி கேட்க ஓர் உறுப்பினர் இல்லாத காலத்தில் மாகாணத் திணைக்களங்களைக் கேள்வி கேட்கும் பொறுப்பு பொதுமக்களிடம்தான் வந்து விழுகிறது.

எல்லாம் குழம்பிப்போய், ஒவ்வொரு நிறுவனமும் மற்றதைக் கைகாட்டினால் என்ன நடக்கும் என்பதற்குக் கிண்ணியா சாட்சி. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2021 நவம்பர் 23-ஆம் திகதி காலை, சனங்களை ஏற்றிப்போன படகுப் பாதை (ஆற்றைக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. படகுக்கு யார் அனுமதி கொடுத்தது, யார் பாதுகாப்பைப் பார்த்தது, பாலம் எப்போது முடிய வேண்டியது என்ற கேள்விகளெல்லாம் அன்றுதான் பெரிதாக எழுந்தன. இவை அத்தனையும் விபத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள்.

படி 5: ஏற்கெனவே வெளியில் இருப்பதை வாசியுங்கள்

வேலைத்தளத்தில் பெயர்ப்பலகை இருந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள். திட்டத்தின் பெயர், தொகை, ஒப்பந்தகாரர், தொடங்கிய திகதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பலகை காணாமல் போய்விடும், ஆகவே முதல் நாளே எடுத்துவிடுங்கள். பலகையே இல்லையென்றால் அதுவும் ஒரு குறிப்பு.

அடுத்தது கணக்காய்வு அறிக்கை. இதை வாசிப்பவர்கள் மிகக் குறைவு, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். தேசிய கணக்காய்வு அலுவலகம் அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவற்றின் அறிக்கைகளைத் தன் இணையத்தளத்தில் போடுகிறது. முதல் பக்கங்களில் வரும் சம்பிரதாய வசனங்களைத் தாண்டிப் போங்கள். உள்ளே கணக்காய்வு அவதானிப்பு, சபையின் கருத்து, பரிந்துரை என்று பக்கம் பக்கமாக நிரல்கள் இருக்கும். இத்தனை இலட்சத்துக்கு வவுச்சர் இல்லை, இந்த வாகனம் இத்தனை வருடம் பாவிக்காமல் கிடக்கிறது, இந்தக் கடை வாடகை அறவிடப்படவில்லை என்று பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். நடு நிரலில் சபை என்ன பதில் சொன்னது என்பதை வாசித்தால் பாதிக் கதை அங்கேயே விளங்கும். வட்ஸ்அப்பில் வந்த வதந்தியை விட இதில் இருப்பது பல சமயம் மோசமாக இருக்கும், அதுவும் அரசாங்கத்தின் சொந்தத் தாளில்.

சொத்து விபரம் பற்றிய வதந்தி என்றால், 2023-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி சொத்துப் பொறுப்பு வெளிப்படுத்தல்கள் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் போகின்றன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன்றோரின் விபரங்கள், தனிப்பட்ட தகவல்கள் மறைக்கப்பட்டு ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வெளிவருகின்றன. "அவருக்குக் கொழும்பில மூன்று வீடு" என்று எழுதுமுன் அதைத் திறந்து பாருங்கள்.

படி 6: தகவல் கோரிக்கை

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரசை எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது, நீங்கள் சொல்லவும் தேவையில்லை. ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது. எழுத முடியாத ஒருவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதி எடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது, வயதான அம்மாமாருக்குச் சொல்லிக் கொடுங்கள். தமிழில் எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் கடிதத் தொடர்பு வைக்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

கோரிக்கையின் வெற்றி கேள்வியின் அமைப்பில் இருக்கிறது. "ஏன் இப்படி மோசமாக வீதி போட்டீர்கள்?" என்று கேட்டால், அது தகவல் இல்லை, அபிப்பிராயம் என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். மேலே சொன்ன வீதிக்கு நான் இப்படி எழுதுவேன்:

"(கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும்) பிரிவிலுள்ள (வீதியின் பெயர்) கொங்கிரீட் இடும் வேலை தொடர்பாகப் பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைத் தரவும்.
1. மதிப்பீட்டறிக்கையும் அளவுப் பட்டியலும்.
2. கேள்வி கோரல் அறிவித்தல், சமர்ப்பித்தவர்களின் பெயர்கள், ஒவ்வொருவரும் குறிப்பிட்ட தொகை, கேள்விச் சபையின் தீர்மானம்.
3. ஒப்பந்தமும், கால நீடிப்பு வழங்கப்பட்டிருப்பின் அக்கடிதங்களும்.
4. இதுவரை செலுத்திய பணத்துக்கான வவுச்சர்களும், அதற்கு ஆதாரமான வேலை அளவீட்டுத் தாள்களும்.
5. வேலை முடிவுச் சான்றிதழும், உத்தரவாதக் காலத்துக்கெனப் பிடித்துவைத்த தொகை ஒப்பந்தகாரருக்கு விடுவிக்கப்பட்டதா என்பதைக் காட்டும் பதிவும்."

நாலாவதை மறக்க வேண்டாம். மதிப்பீடு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். எத்தனை மீற்றருக்குக் காசு கொடுத்தார்கள் என்பது அளவீட்டுத் தாளில் இருக்கும். ஐந்தாவது ஏன் என்றால், அந்தத் தொகை இன்னும் அலுவலகத்தின் கையில் இருந்தால், உடைந்த இடத்தை ஒப்பந்தகாரரைக் கொண்டே திருத்துவிக்கலாம். குற்றவாளி யார் என்று தெரிய வருடக்கணக்காகும். வீதி அதற்கு முன்பே சரியாகலாம்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியும் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். "ஐயா இன்றைக்கு லீவு, நாளைக்கு வாங்கோ" என்றால் சண்டை பிடிக்க வேண்டாம், நேரே தபாலகம் போய்ப் பதிவுத் தபாலில் போடுங்கள். பற்றுச்சீட்டு உங்கள் சான்று. தகவல் அலுவலர் யார் என்பதை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்கவே இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் தலைவர்தான் தகவல் அலுவலராகக் கருதப்படுவார்.

இனி நாள் எண்ணிக்கை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால், அந்த முடிவிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும். ஆவணங்கள் அதிகம் போன்ற காரணங்களுக்கு மேலும் 21 நாட்கள் வரை நீடிக்கலாம், ஆனால் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

இந்தத் திகதிகளை நாட்காட்டியில் சிவப்பில் வட்டம் போடுங்கள். பல கோரிக்கைகள் தோற்பது அதிகாரி மறுத்ததால் இல்லை, கேட்டவர் மேன்முறையீட்டு நாளைத் தவறவிட்டதால்.

"ஒப்பந்தகாரரின் வர்த்தக இரகசியம்", "தனிப்பட்ட விபரம்" என்று சொல்லி மறுப்பது வழக்கம். சட்டத்தின் 5-ஆம் பிரிவில் அப்படி விதிவிலக்குகள் இருப்பது உண்மை. அதே பிரிவில், வெளிப்படுத்துவதால் வரும் பொதுநன்மை பெரிதாக இருந்தால் தர வேண்டும் என்றும் இருக்கிறது. மேன்முறையீட்டில் இந்த ஒரு வரியை எழுத மறக்காதீர்கள்: செலவானது பொதுப் பணம்.

படி 7: தாளையும் தரையையும் ஒப்பிடுங்கள்

ஆவணம் கையில் வந்ததும் ஒரு அளவுநாடாவோடு வீதிக்குப் போங்கள். அளவுப் பட்டியலில் நீளம், அகலம், தடிப்பு மூன்றும் இருக்கும். நீளத்தை அளப்பது லேசு. அகலத்தை ஒரே இடத்தில் அளக்காமல் ஐந்தாறு இடத்தில் அளந்து பாருங்கள், தொடக்கத்தில் சரியாக இருந்து நடுவில் ஒடுங்கும். தடிப்பை ஓரத்தில், மண் அரித்த இடத்தில் பார்க்கலாம். கொங்கிரீட்டை நீங்களாக உடைத்துப் பார்க்க வேண்டாம், பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக உங்கள் மேலேயே வழக்கு வரும். அளவுநாடா தெரியும்படி, இடத்தின் அடையாளமும் தெரியும்படி படம் எடுங்கள். திகதி, நேரம், அளந்தவர்களின் பெயர் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். ஊரில் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். எது களவு, எது நியாயமான மாற்றம் என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் குற்றச்சாட்டு பொய் என்று தெரியவரலாம். 1 கோடி 20 இலட்சம் என்பது முழுத் தொகுதித் திட்டத்தின் தொகை, உங்கள் வீதிக்கு 18 இலட்சம்தான், அளவும் சரி, உடைத்தது பாரமான மணல் டிப்பர்கள் என்று வந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இப்போது கேள்வி டிப்பர் பக்கம் திரும்புகிறது, மணல் அனுமதிப்பத்திரம் யார் கொடுத்தது என்று.

படி 8: சரியான கதவு

கடிதத்துக்குப் பதில் இல்லை, கோப்பு நகரவில்லை, நியாயமில்லாமல் மறுத்தார்கள் என்பது நிர்வாகக் குறை. திணைக்களத் தலைவருக்கு எழுதுங்கள். சரிவராவிட்டால் ஒம்புட்ஸ்மன் என்று சொல்லும் நிர்வாகத்துக்கான நாடாளுமன்ற ஆணையாளருக்கு. பாரபட்சம், மிரட்டல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. திருகோணமலையில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அவசர இலக்கம் 1996. கணக்கு உதைக்கிறது, ஆனால் யார் எடுத்தார் என்று தெரியவில்லை என்றால், ஆவணங்களின் பிரதியோடு கணக்காய்வாளர் நாயகத்துக்கு எழுதுங்கள்.

ஓர் அதிகாரி உங்களிடம் காசு கேட்டால் அது நேரடியாக இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் வேலை, இலக்கம் 1954. கொடுத்துவிட்டு அழைக்காதீர்கள். கொடுப்பதும் குற்றம்தான். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வெளியே வந்து, உடனே அழையுங்கள். பொறிவைத்துப் பிடிப்பதற்கு அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்ட தொகை, இடம், நேரம் மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும்.

காணிக் கடிதத்துக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் உதவித்தொகைக்கும் அலையும் பெண்களிடம், குறிப்பாகக் கணவரை இழந்தவர்களிடம், காசுக்குப் பதிலாக வேறொன்று கேட்கப்படுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விசயம். 2023-ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் பாலியல் சலுகை கேட்பதும் இலஞ்சக் குற்றமாகத் தெளிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு பெண் உங்களிடம் சொன்னால், அவருடைய சம்மதமில்லாமல் ஒரு சொல்லும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள். மாதர் சங்கத்து அக்கா ஒருவரையோ சட்டத்தரணி ஒருவரையோ கூட்டிக்கொண்டு, அவர் விரும்பும் வேகத்தில் போங்கள்.

முறைப்பாட்டில் அடைமொழி வேண்டாம். யார், எந்தப் பதவி, எந்த நாள், எங்கே, எவ்வளவு, எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது. இரண்டு பக்கம் போதும், மீதி இணைப்புகள். உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். பொய் என்று தெரிந்துகொண்டே முறைப்பாடு செய்வதும் அதே சட்டத்தில் குற்றம். நல்ல நம்பிக்கையோடு தகவல் தருபவருக்கும் சாட்சிக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் ஸ்ரீலங்காவின் சட்ட ஆலோசனைப் பிரிவு இலவசமாக உதவும்.

படி 9: வெளியில் எழுதுவதென்றால்

எழுதத்தான் வேண்டும், ஆனால் கையில் தாள் வந்த பிறகு. 2024-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைக் குற்றமாக்குகிறது. 2007-ஆம் ஆண்டின் ஐ.சீ.சீ.பி.ஆர். (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் இன வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. இந்தச் சட்டங்கள் விமர்சகர்கள் மேல் பாய்வதாக நாட்டில் பலத்த எதிர்ப்பு இருக்கிறது, எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆகவே ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஓர் ஆவணம் நிற்கட்டும். "களவெடுத்தார்" என்று எழுதாதீர்கள், அதை நீதிமன்றம் சொல்லட்டும். "அளவுப் பட்டியலில் 3 மீற்றர் அகலம், தரையில் ஆறு இடங்களில் 2.6 மீற்றருக்குக் குறைவு, பணம் 3 மீற்றருக்குச் செலுத்தப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள். வாசிப்பவருக்கு விளங்கும். அதிகாரியின் வீட்டு விலாசம், பிள்ளைகளின் படம், பாடசாலை எதையும் போடாதீர்கள். வெளியிடுமுன் அவருக்கோ அலுவலகத்துக்கோ எழுத்தில் கேள்வி அனுப்பி, ஒரு கிழமை கொடுத்து, வந்த பதிலையும் சேர்த்துப் போடுங்கள்.

முதல் செய்தி எந்தக் குழுவில் வந்ததோ அதே குழுவில் முடிவையும் போடுங்கள். உண்மை என்றால் ஆவணத்தின் படத்தோடும் முறைப்பாட்டு இலக்கத்தோடும், பொய் என்றால் "18 இலட்சம்தான், அளவு சரி, இதோ தாள்" என்று அதே அளவு தெளிவாகவும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் விசாரணைகள் மெதுவாகத்தான் நகரும். மூல ஆவணங்களை ஒருவர் வீட்டிலும் பிரதிகளை இன்னொருவர் வீட்டிலும் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு, விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பதிவுத் தபாலில் கேட்டுக்கொண்டே இருங்கள்.